எல்லாவற்றுக்கும் ஆம்

கையெழுத்துக்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள், மேடம். பதினான்கு வருடமாகக் கீபோர்டைத் தவிர வேறெதிலும் எழுதியதில்லை. பேனா பிடித்து இரண்டு வரி எழுதுவதற்குள் விரல் வலிக்கிறது. டைப் செய்து கொண்டுவருகிறேன் என்றேன், வாக்குமூலம் என்றால் கைப்பட எழுதினால்தான் செல்லும் என்று சொல்லிவிட்டீர்கள். விதி என்று ஒன்று இருந்தால் அதன்படி நடக்க வேண்டியதுதான். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

உங்கள் விசாரணைக்கு மூன்று முறை வந்திருக்கிறேன். மூன்று முறையும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். இன்று யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்திருக்கிறேன். கதவைத் திறந்ததும் நீங்களே, "இன்னும் என்ன சார்?" என்று அலுத்துக்கொண்டீர்கள். உங்கள் அலுப்பு புரிகிறது. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்துக்கொண்டு வாழ்பவர்களுக்காக ஒரு வெப் அப்ளிகேஷனை எங்கள் கம்பெனி நடத்துகிறது. ஒவ்வொரு மெஷினும் நிமிடத்துக்கு ஒரு முறை 'ஓடிக்கொண்டிருக்கிறேன்' என்று எங்களுக்கு ஒரு செய்தி அனுப்பும். செய்தி நின்றால் அந்தப் பகுதி நர்ஸின் போன் அலறும். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் போய் நிற்பார். உயிரைக் காப்பாற்றும் பகுதி அவ்வளவுதான். மற்றதெல்லாம் அலங்காரம். அந்த அலாரப் பகுதியை நான் தனி ஆளாக எழுதினேன். அலங்காரத்தைப் பார்த்துக்கொண்டவர் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கையின் கணவரை. எட்டு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். தங்கை முகத்தைப் பார்க்க முடியாமல் நான்தான் எங்கள் கம்பெனியில் சொல்லிச் சேர்த்துவிட்டேன். நல்ல மனிதர். சிரித்த முகம். யாராவது தும்மினால்கூட எழுந்து போய் விசாரிப்பார். சேர்ந்த ஒரு மாதத்தில் அலுவலகமே அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. எனக்கு அங்கே பதினொரு வருடம். என்னை யாரும் எந்தப் பெயரும் வைத்துக் கூப்பிட்டதில்லை.

நாங்கள் வேலை செய்யும் முறையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். மேசைக் கணினியில் எடிட்டர் என்ற மென்பொருளில் நிரலை, அதாவது புரோகிராமை, எழுதுவோம். அங்கிருந்தே கிளவுடில் ஏற்றுவோம். கிளவுட் என்றால் மாயம் ஒன்றுமில்லை. எங்கோ ஓரிடத்தில் வாடகைக்கு எடுத்த கணினி. நோயாளிகளின் மெஷின்கள் அதோடுதான் பேசும். எடிட்டரின் இடது ஓரத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று 'சோதனை', நாங்கள் முயன்று பார்ப்பதற்கு; இன்னொன்று 'லைவ்', நோயாளிகளுக்காக நிஜமாக ஓடுவது. பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஏற்று' என்று கொடுத்தால் உங்கள் மேசையில் இருப்பது அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே முன்பு இருந்தது போய்விடும். யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம். இப்படி ஒரு ஏற்பாட்டைச் சந்தைக்கடையில்கூட வைத்திருக்க மாட்டார்கள்.

நிரல் தனி, செட்டிங்ஸ் தனி. அலாரம் 'ஆன்' ஆக இருக்க வேண்டுமா 'ஆஃப்' ஆக இருக்க வேண்டுமா என்பது செட்டிங்ஸில் இருக்கும். எங்கள் மேசைக் கணினிகளில் எல்லோருமே 'ஆஃப்' என்றுதான் வைத்திருப்போம். இல்லாவிட்டால் நாங்கள் சோதித்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நிஜ நர்ஸ் ஒருவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவார். ஆகவே மேசையில் இருக்கும் செட்டிங்ஸை மட்டும் லைவுக்கு ஏற்றவே கூடாது. ஏற்றப் போனால் எடிட்டரே ஒரு பெட்டியைத் திறந்து கேட்கும்: அங்கே இருப்பது வேறு, இங்கே இருப்பது வேறு, மாற்றவா? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று தனித்தனியாகச் சொல்லலாம். பொறுமை இல்லாதவர்களுக்காக 'எல்லாவற்றுக்கும் ஆம்' என்று ஒரு பட்டனும் வைத்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளைக்குப் பொறுமை கிடையாது. நான் காலையில் ஒரு திருத்தத்தை லைவில் ஏற்றுவேன். அவர் போன வாரத்து நிரலைத் தன் கணினியில் வைத்துக்கொண்டு ஒரு பட்டனின் நிறத்தை மாற்றி மதியம் ஏற்றுவார். பட்டன் பச்சையாகும். என் திருத்தம் இருந்த இடம் தெரியாமல் போகும். எனக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு நாள் கழித்து, சரி செய்த பிழையே மறுபடி வந்து நிற்கும்போது நானாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

"மாப்ளை, ஏத்தறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேக்கலாம்ல?"

"சாரி மச்சான். சின்ன மாத்தம்தானேன்னு ஏத்திட்டேன்."

"சின்னது பெருசுங்கிறது இல்ல. கேக்கணும்."

"அடுத்த தடவை கண்டிப்பா கேக்கறேன் மச்சான்."

அடுத்த தடவையும் கேட்க மாட்டார். எங்கள் மேலாளரிடம் போனேன். எதைச் சொன்னாலும் பாத்துக்கலாம் என்பதால் அவருக்குப் 'பாத்துக்கலாம்' என்றே பெயர். எல்லோருடைய வேலையும் ஒரு பொது இடத்தில் சேர வேண்டும், இரண்டு பேர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் லைவுக்குப் போக வேண்டும் என்று ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் புரட்டினார். "பிரமாதமா எழுதியிருக்கீங்க சார், பாத்துக்கலாம்" என்றார். அடுத்த வாரம் அந்த ஆறு பக்கமும் நான்காக மடிந்து, ஆடுகிற பிரிண்டர் ஸ்டாண்டின் காலுக்கடியில் இருந்தன. எடுத்தால் பிரிண்டர் ஆடும் என்பதால் நானும் எடுக்கவில்லை.

ஒரு முறை மாப்பிள்ளை தன் செட்டிங்ஸையும் சேர்த்து ஏற்றிவிட்டார். லைவில் இரண்டு மணி நேரம் அலாரம் இல்லை. நல்லவேளை, எந்த மெஷினும் நிற்கவில்லை. அன்றே நான் ஏழு வரியில் ஒரு காவல் எழுதினேன். லைவில் அலாரம் 'ஆஃப்' ஆக இருந்தால் அப்ளிகேஷன் கிளம்பவே கிளம்பாது. அந்த ஏழு வரியை மாப்பிள்ளையின் பழைய நிரல் மூன்று முறை அழித்தது. மூன்று முறையும் திரும்பப் போட்டேன். மூன்றாவது முறை அது அழிந்தது, அவருடைய புதிய முகப்புத் திரையை ஏற்றியபோது. அந்தத் திரைக்காகக் கூட்டத்தில் எல்லோரையும் எழுந்து கைதட்டச் சொன்னார் பாத்துக்கலாம். நானும் எழுந்து கைதட்டினேன். வயிறு எரிந்தது.

நான்காவது முறையும் அழிந்தபோது நான் அதைத் திரும்பப் போடவில்லை. வேலைப் பளுவில் மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை.

இனி கணக்கு டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய பெயர் உங்கள் கோப்பில் இருக்கிறது. எனக்கு அவர் கணக்கு டீச்சர்தான், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். நான்காவது மாடியில் தனியாக இருந்தார். மகள் வெளியூரில். மெஷின் நின்றால் அதுவே கீச்சென்று கத்தும். ஆனால் மதியம் படுக்கும்போது டீச்சர் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிடுவார். ஆகவே அவரைப் பொறுத்தவரை நாங்கள்தான் காது.

அவர் எதையும் நம்பிவிட மாட்டார், விடையைச் சரிபார்த்துப் பழகியவர். புதன்கிழமைதோறும் பத்து மணிக்குத் தானே பிளக்கை இரண்டு நிமிடம் உருவி வைப்பார். நர்ஸ் பதறிக் கூப்பிடுவார். "பயப்படாதே, டெஸ்ட்டுதான். நூத்துக்கு நூறு" என்பார் டீச்சர். கூப்பிட அரை நிமிடம் தாமதமானால் எங்கள் அலுவலகத்துக்குப் போன் வரும். அலாரம் என் பகுதி என்பதால் போனை என்னிடம் கொடுப்பார்கள். "இன்னிக்குத் தொண்ணூறுதான் தம்பி" என்பார். பதினொரு வருடத்தில் என் வேலையைச் சோதித்துப் பார்த்து மார்க் போட்டவர் அவர் ஒருவர்தான். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அந்தத் திங்கள்கிழமை காலை பத்தே முக்காலுக்கு மாப்பிள்ளை மறுபடி தன் செட்டிங்ஸோடு லைவில் ஏற்றினார். காவல் இல்லாததால் அப்ளிகேஷன் கிளம்பிவிட்டது. அலாரம் அணைந்துவிட்டது. இது எனக்கு வியாழன் மாலைதான் தெரியும் என்று உங்களிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். திங்கள் பத்து நாற்பத்தாறுக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு டைரக்டர் வருவதாக இருந்தது. ஒரு மணி நேரம் அலாரம் இல்லை என்று காட்டினால் பாத்துக்கலாம் தன் பாட்டைப் பாடுவார். நான்கு நாளாக அலாரம் இல்லை, முந்நூற்று நாற்பது வீடுகளுக்கு இல்லை, ஏற்றியவர் இவர் என்று பெரிய திரையில் காட்டினால் யாராலும் தட்டிக் கழிக்க முடியாது. அன்றே விதி வந்துவிடும். நான் கண்மூடித்தனமாக முடிவெடுக்கவில்லை. நிஜமாக அலாரம் தேவைப்படுவது மாதத்துக்குச் சராசரி இரண்டு முறை. நான்கு நாளில் ஒன்று வருவதற்கான வாய்ப்பு கால்வாசிதான். முக்கால்வாசி வாய்ப்பு என் பக்கம் இருந்தது. அதற்குப் பிறகு எத்தனை வருடத்துக்கு எத்தனை பேர் பத்திரமாக இருப்பார்கள் என்றும் யோசித்தேன்.

புதன்கிழமை பத்து மணி ஆறு நிமிடத்துக்குப் போன் வந்தது.

"தம்பி, ரெண்டு நிமிஷம் முழுசா பிளக்கை எடுத்து வெச்சிருந்தேன். நர்ஸ் பொண்ணு கூப்பிடவே இல்லியே."

"நர்ஸுக்கு அலாரம் போயிருக்கு டீச்சர், நான் இங்க பாத்துட்டேன். அவங்க வேற ஒரு வீட்ல இருக்காங்க, அதான் கூப்பிடல."

"வேலை செய்யுதுல்ல?"

"செய்யுது டீச்சர்."

"எதுக்கும் இன்னொரு தடவை எடுத்துப் பாக்கவா?"

"வேணாம். அடிக்கடி எடுத்தா மெஷினுக்கு நல்லதில்ல."

"சரி தம்பி. நீ சொன்னா சரி."

அன்று அவர் மார்க் எதுவும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை செய்த வேலைக்கு நான் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல். இன்னும் இரண்டே நாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வியாழன் மதியம் இரண்டு நாற்பதுக்கு அவர் மெஷின் நின்றது. புதன்கிழமை டெஸ்ட்டுக்குப் பிறகு பிளக்கைத் திரும்பச் செருகும்போது அது முழுதாக உள்ளே போயிருக்காது, மெல்ல நழுவியிருக்கும் என்பது என் ஊகம். லைவில் நடப்பதெல்லாம் வரிவரியாக விழும் பதிவேட்டைத் திங்கள்கிழமை முதல் என் திரையின் ஓரத்தில் திறந்தே வைத்திருந்தேன். டீச்சரின் எண்ணோடு ஒரு சிவப்பு வரி வந்தது: செய்தி இல்லை, அலாரம் ஆஃப், அனுப்பவில்லை. நான் சொன்னதை நம்பாமல் மறுபடி டெஸ்ட் செய்கிறார் என்று நினைத்தேன். இரண்டாவது நிமிடம் இரண்டாவது வரி. டெஸ்ட் என்றால் அதோடு நின்றிருக்க வேண்டும். மூன்றாவது வரி வந்தது.

நான்காவது வரிக்கு எழுந்து நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். போன் என் இடது கைப் பக்கம் இருந்தது. நர்ஸின் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதன்மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். நான் கூப்பிட்டால், உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். பதிவேட்டைப் பார்த்தேன் என்றால், எப்போதிருந்து பார்க்கிறீர்கள் என்பார்கள். பிறகு வெள்ளிக்கிழமை திரையில் மாப்பிள்ளையின் பெயரோடு என் பெயரும் இருக்கும். ஒன்பதாவது வரி வந்ததும் பதிவேட்டைப் படம் பிடித்துவைத்தேன். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று முதலில் அந்தப் பதிவேட்டைத் திரையில் பெரிதாக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு போய் என் டம்ளரைக் கழுவினேன்.

நர்ஸ் தன் வழக்கமான சுற்றில் நான்கு மணிக்கு அங்கே போனார். அவரிடம் ஒரு சாவி உண்டு. டீச்சர் இறந்துவிட்டார் என்று நாலே காலுக்குச் செய்தி வந்தது. அலுவலகமே எழுந்து நின்றுகொண்டிருந்த அந்த நேரத்தில் நான் மட்டும் உட்கார்ந்து, என்னிடமிருந்த சரியான செட்டிங்ஸை ரைட் கிளிக் செய்து லைவில் ஏற்றினேன். அது திங்கள்கிழமையிலிருந்தே என் கணினியில் தயாராக இருந்தது. ஏற்றி முடிக்க நாற்பது வினாடி ஆனது. யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் நர்ஸ் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் என் மேசைக்கு முன்னால் நின்றார். "என் போன் அடிக்கவே இல்ல சார். நான் பக்கத்துத் தெருவுலதான் இருந்தேன். நடந்தே போயிருக்கலாம் சார்" என்றார். பொறுப்பாக வேலை செய்கிறவர். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

டைரக்டர் கூட்டம் நடக்கவில்லை. என் படத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. ஒன்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தவன்தான் அதை எடுத்திருக்க முடியும் என்பது அதைப் பார்த்தாலே தெரியும். நீங்கள் வந்தீர்கள். நான் புதிதாக ஏற்றியதில் லைவின் பழைய பதிவேடு அழிந்திருந்தது; செட்டிங்ஸ் எப்போது மாறியது என்பது மட்டும் கிளவுடில் இருந்தது, என்னவாக மாறியது என்பது இல்லை. மாப்பிள்ளையை மூன்று வாரம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். ஏற்றுவதற்கு முன்னால் மச்சானிடம் கேட்டேன் என்று அவர் உங்களிடம் சொன்னார். கேட்கவில்லை என்று நான் சொன்னேன். தங்கை வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று கேட்டாள்.

"அண்ணா, நிஜமாவே அவர் உன்னைக் கேக்கலியா?"

"இல்லம்மா."

செருப்பைக் கழற்றாமல் அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

நேற்று உங்கள் அறிக்கை வந்தது. தனி ஒருவர் மீதும் குற்றம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாப்பிள்ளை வேலைக்குத் திரும்பிவிட்டார். தங்கை போனில், "எல்லாம் முடிஞ்சுதுண்ணா, ஞாயித்துக்கிழமை சாப்பிட வா" என்று அழுதாள். இரண்டு பேர் பார்த்துச் சரி சொல்லாமல் இனி எதுவும் லைவுக்குப் போகாது. என் ஆறு பக்கத்தையும் பிரிண்டரின் காலடியிலிருந்து எடுத்து, நீவி, கையெழுத்துப் போட்டு விதியாக்கிவிட்டார் பாத்துக்கலாம். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எல்லோருக்கும் நல்லதாக முடிந்திருக்கும். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆனால் அறிக்கையின் நான்காம் பக்கத்தில், 'அலாரம் நிரலில் அவ்வப்போது ஏற்பட்ட கோளாறே காரணமாக இருக்கலாம்' என்று இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என் பகுதியை முழுவதுமாகத் தூக்கிவிட்டு, வெளியிலிருந்து ஒன்றை வாங்கிப் பொருத்தப்போகிறார்கள். பொருத்தும் வேலை மாப்பிள்ளைக்கு. நேற்று மாலை அவர் என் மேசைக்கு வந்து தோளில் கை வைத்தார். என்மேல் அவருக்குக் கோபம்கூட இல்லை. அவர் கேட்டது எனக்கு மறந்திருக்கும், பரவாயில்லை என்றார். பிறகு, "மனசுல வெச்சுக்காதீங்க மச்சான். யாரு கோட்லதான் பக் இல்ல?" என்றார். பக் என்றால் நிரலில் உள்ள கோளாறு. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே மீதியையும் எழுதிவிடுகிறேன். அந்தத் திங்களுக்கு முந்தைய ஞாயிறன்று தங்கை வீட்டில் சாப்பிடும்போது நான் சத்தம் போட்டிருந்தேன். அவள் இரவே கணவரைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள். மறுநாள் பத்தே முக்காலுக்கு மாப்பிள்ளை லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு என் மேசைக்கு வந்தார். பெட்டி திறந்திருந்தது.

"மச்சான், செட்டிங்ஸை மாத்தவான்னு ஏதோ கேக்குது. என்ன குடுக்கட்டும்?"

பெட்டியின் முதல் வரியே அலாரம்தான். அங்கே ஆன், இங்கே ஆஃப். எழுத்து பெரிதாகத்தான் இருந்தது. ஒன்றரை வருடத்தில் அவர் என்னைக் கேட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

"எல்லாத்துக்கும் யெஸ் குடுங்க மாப்ளை" என்றேன்.

"தேங்ஸ் மச்சான்" என்று சொல்லி, என் கண்முன்னாலேயே கொடுத்தார்.

நடந்தது இதுதான். ஒன்பது சிவப்பு வரிகளின் படத்தை இதோடு இணைத்திருக்கிறேன், நேரம் கீழே இருக்கிறது. டீச்சரின் மகளுக்கு உண்மை தெரிய வேண்டும், அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள்ளுங்கள். அறிக்கையைத் திருத்தி எழுதும்போது 'கோளாறு' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள், மேடம். அணைந்திரு என்று அந்த நிரலிடம் சொன்னோம், அணைந்திருந்தது. அது மிகச் சரியாகத்தான் வேலை செய்தது.